தலையணைக் காசு

பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில் பனி. வாவி தெரியவில்லை. லினன் ரூம் ஜன்னலைத் திறந்தால் ஈரம் வந்து மடித்த துணியில் உட்காருகிறது. மூடினால் சவர்க்காரப் புழுக்கம். மூடியே வைத்தேன்.

பெட்ஷீட் 84. தலையணை உறை 160. பெரிய துவாய் 71, மூன்று குறைகிறது, நீச்சல் குளத்துப் பக்கம் தேட வேண்டும். தேநீர்க் கறை 2. உதட்டுச் சாயம் 1. ரத்தம் 1, ஊறப்போட்டாயிற்று.

214 காலி. இங்கிலாந்துக் கிழவனும் கிழவியும், ஐந்து நாள். நல்ல மனிதர்கள், குப்பையைக்கூட ஒரு மூலையில் சேர்த்து வைத்திருந்தார்களாம். அந்த அறை புஷ்பத்தினுடையது. பதினாறு வருஷமாக இங்கே அறை செய்கிறவள், கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவள். அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, சட்டைப் பையிலிருந்து ஐந்து இங்கிலாந்துக் காசை எடுத்து என் மேசையில் வைத்தாள். தலையணை மேலே இருந்ததாம்.

தலையணையில் இருந்தால் எங்களுக்கு. தரையில், கட்டிலுக்கு அடியில், குளியலறையில் கிடந்தால் ஹோட்டலுக்கு; புத்தகத்தில் எழுதி ஒப்படைக்க வேண்டும். மேசையில் இருப்பதைத் தொடவே கூடாது. எவரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இங்கே வேலைக்கு வருகிற எவளுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான். துடைப்பம் பிடிப்பதெல்லாம் பிறகு.

வெளிநாட்டு நோட்டு என்றால் பாங்கில் மாறும். காசை எந்த பாங்கும் எடுக்காது. அதனால்தான் ஜாம் போத்தல். எங்கள் ஆறு பேருக்கும் வருகிற காசெல்லாம் அதில். நிறைந்ததும் நான் டவுனுக்குக் கொண்டுபோய் மாற்றி, சமமாகப் பிரிப்பேன். போத்தல் என் அலுமாரியில், சாவி என் இடுப்பில். இத்தனை வருஷத்தில் ஒரு சதம் பிசகியதில்லை.

ஐந்தில் ஒன்று ஏழு மூலைக் காசு. ஒரு பக்கம் ராணி. மறு பக்கம் சீனக் கோயில் மாதிரி அடுக்கடுக்காய் ஒரு கோபுரம், அதைச் சுற்றி ஒரு கொடி. புஷ்பம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாக்கா, கோயிலெல்லாம் போட்டு அடிச்சிருக்கானுங்க? இந்த ஒன்ன மட்டும் நான் வச்சுக்கவா? சாமி தட்டுல போட்டா அழகா இருக்கும்."

"போத்தல்ல போட்டா எல்லாருக்கும் அழகா இருக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போட்டாள். நான் அப்படித்தான், சட்டம் பேசுகிறவள். அவளுக்கும் தெரியும்.

பகலில் மெனேஜர் கூப்பிட்டார். குகதாசன் சேர். யாழ்ப்பாணத்து மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். மாடி மேற்பார்வை பார்க்கிற சுமனா மிஸ் மாதக் கடைசியோடு ஓய்வு. அந்த இடம் எனக்கு வரலாம். "வேலை உங்களுக்குத்தான் வரவேணும் தவமணி. ஆனா விருந்தினருக்கு முன்னால நிண்டு சிரிச்சுக் கதைக்கிற வேலை. அந்த முன்பல்லை ஒருக்காப் பாருங்கோவன்."

முன்பல் மூன்று. மூன்று வருஷத்துக்கு முன் பின் படிக்கட்டில் ஈரத்துணிக் கூடையோடு விழுந்தது. ஹோட்டல் படிக்கட்டு, என் பல். அதற்குப் பிறகுதான் அறைகளிலிருந்து என்னை எடுத்து இந்த ஜன்னல் மூடிய கிடங்கில் போட்டார்கள். கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவது அன்றிலிருந்து பழக்கம்.

பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கட்டுவார்கள். நாலைந்து தடவை போக வேண்டும். அத்தனை லீவு யார் தருவார்கள்? தனியாரில் இருபத்தெட்டாயிரம். சிரிப்புத்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டு.


பெப்ரவரி 8, வியாழன்

லீவு. நல்ல வெயில். மார்க்கெட்டில் கரட் விலை கேட்டேன், திரும்பி வந்தேன். போஞ்சி கால் கிலோ. மகளுக்குச் சீப்பு. ஊசி ஒரு பாக்கட்.

போத்தலை எடுத்துக்கொண்டு ரவூப் நானா கடை. மார்க்கெட்டுக்குப் பின்னால், மணிக்கூடு திருத்துகிற கடை. வெளிநாட்டுக் காசும் வாங்குவார். பயணம் போகிறவர்களுக்கு விற்பார். மற்ற இடங்களில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பார், குடிக்க ஒரு பிளேன்டியும் வரும்.

அவர் காசு பிரிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கறுத்த செப்பு ஒரு பக்கம். பழைய வட்டப் பவுண் ஒரு பக்கம், அது அங்கேயே செல்லாமல் போய்விட்டது, இன்னும் யாராவது பழைய பர்ஸைத் தட்டி எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். இருபது பென்ஸ் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பி வருஷம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். வருஷம் போட மறந்து அடித்த காசு கொஞ்சம் உண்டாம், அதற்குத்தான் விலையாம். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

கோபுரக் காசு வந்ததும் கை நின்றது. மணிக்கூடு பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

"தங்கச்சி, இது எங்க கெடச்ச?"

"தலகாணிக் காசுதான் நானா. ஏன், கள்ளக் காசா?"

"கள்ளக் காசில்ல. பழசும் இல்ல. ஆனா கொஞ்சமாத்தான் அடிச்சீக்கிறாங்க. அங்க ஆக்கள் சில்லறயக் கொட்டிக் கொட்டித் தேடுற காசு இது." போனில் படம் காட்டினார். அதே கோபுரம், அதே கொடி. கீழே இருந்த விலையைப் பார்த்து நான் ஏதோ தவறாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன்.

"எங்கட மச்சான்ட மகன் சனிக்கிழம லண்டன் போறான். அவன்ட கையில குடுத்தா விப்பான். நான் இப்பவே முப்பதாயிரம் தாறன். அதுக்கு மேல கேக்காதீங்க, எனக்கும் ஒண்டு மிஞ்சோணும். ஆறு பேருக்குத்தானே பிரிக்கிற? சந்தோசப்படுவாங்க."

"ஆமா நானா" என்றேன்.

போத்தல் காசுக்கு ஓர் உறை. கோபுரக் காசுக்கு ஓர் உறை. அவராகத்தான் இரண்டாகப் போட்டுக் கொடுத்தார். ஒரே உறையில் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை.

ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு ஐயாயிரம். ஐயாயிரம் இன்றைக்கு எவளுக்கு என்ன செய்யும்? ஒரு காஸ் சிலிண்டரும் கொஞ்சம் அரிசியும். முப்பதாயிரம் ஒரே ஆளிடம் இருந்தால் மூன்று பல்.


பெப்ரவரி 9, வெள்ளி

மறுபடி பனி. கொதிகலன் பழுது, பகல்வரை துணி காயவில்லை.

போத்தல் காசைப் பிரித்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். கோபுரக் காசும் ஐம்பது பென்ஸ்தான், ஐம்பது பென்ஸுக்கு நானா வழக்கமாகக் கொடுக்கிறதை என் கையிலிருந்து அதில் சேர்த்தேன். ஆகவே அதை நான் வாங்கிவிட்டேன். வாங்கின பொருளை விற்பது என் இஷ்டம். சரிதான் என்று எனக்கு நானே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். சரியான விஷயத்தை யாரும் மூன்று தடவை சொல்வதில்லை.

புஷ்பம் சல்லியை எண்ணிப் பார்க்காமலே மடித்து வைத்தாள். எப்போதும் அப்படித்தான்.


பெப்ரவரி 12, திங்கள்

வேலை முடிந்து டவுன். பல் டாக்டர். மெழுகைக் கடிக்கச் சொன்னார். பிறகு ஏதோ குளிர்ந்த மாவு. குமட்டல். நர்ஸ் பிள்ளை என் பல்லின் நிறத்துக்கு ஒரு பலகையிலிருந்து மாதிரி வைத்துப் பார்த்தாள். "டீ கூடக் குடிக்கிறீங்க போல." தோட்டத்தில் பிறந்தவள் வேறு என்ன குடிப்பேன்?

பாதிப் பணம் கட்டினேன். மீதி சனிக்கிழமை.

மகள் கேட்டாள், ஏது சல்லி என்று. சர்விஸ் சார்ஜ் கூட வந்தது என்றேன். ஃபார்மஸியில் வேலை செய்கிறவள், எல்லாவற்றுக்கும் சீட்டு கேட்கிற புத்தி. மேலே கேட்கவில்லை.


பெப்ரவரி 17, சனி

பல் வந்துவிட்டது.

கண்ணாடியில் வேறு யாரோ. நாக்கு போய்ப் போய் முட்டுகிறது. "ச" சொன்னால் காற்று வருகிறது. பஸ்ஸில் கண்டக்டரிடம் தேவையில்லாமல் சிரித்தேன், மிச்சம் ஐந்து ரூபா கூடக் கொடுத்தான், திருப்பிக் கொடுத்தேன்.

பகல் ஷிஃப்ட். புஷ்பம்தான் முதலில் பார்த்தாள். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "அடி ஆத்தே! யாரு இது புதுப் பொண்ணு? இனிமே கைய எடுத்துட்டுப் பேசுங்க." அறை அறையாய்க் கூட்டிப்போய் மற்றவர்களுக்குக் காட்டினாள், தன் பிள்ளைக்குப் பல் முளைத்தது மாதிரி. தோட்டத்துக் கொய்யா ஒன்று கொண்டுவந்திருந்தாள். கடிச்சுப் பாருங்க என்றாள். டாக்டர் ஒரு கிழமைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கடித்தேன்.

குகதாசன் சேர்: "ஓம், இப்ப சரி. மார்ச் முதலாம் திகதியில இருந்து மாடி உங்கட பொறுப்பு."

சந்தோஷம். எழுதியே ஆக வேண்டும், உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.


பெப்ரவரி 20, செவ்வாய்

214 கிழவன் மெயில் அனுப்பியிருக்கிறான்.

ரிசப்ஷன் பிள்ளை ஓடிவந்து சொன்னாள். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அன்று விமான நிலையக் கடையில் மீதி வாங்கியதில் அந்தக் கோபுரக் காசு அவருக்குக் கிடைத்ததாம். பல வருஷமாகச் சில்லறையில் தேடிக்கொண்டிருந்த காசாம். பர்ஸில் தனியாக வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். மனைவி அது தெரியாமல், பையில் இருந்த காசையெல்லாம் எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டாளாம். யார் மேலும் குற்றமில்லை, இருந்தால் தயவுசெய்து தாருங்கள், கண்டெடுத்தவருக்கு ஐம்பது பவுண் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

ஐம்பது பவுண். வைத்திருந்தால் ஒரு பொய்யும் இல்லாமல் இருபதாயிரம் வந்திருக்கும்.

மூன்று துவாய் இன்னும் கிடைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.


பெப்ரவரி 21, புதன்

மழை. பருவம் தப்பிய மழை.

பத்து மணிக்கு மெனேஜர் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். இரண்டு கதிரை. புஷ்பம் உட்காரவில்லை. சேர் மெயிலை வாசித்துக் காட்டினார். அந்தக் காசு அங்கே ஐம்பது அறுபதாயிரம் போகும் என்றார். புஷ்பத்தின் கண் விரிந்தது.

"ஆமாங்க சேர், அஞ்சு காசு. தலகாணி மேலதான் இருந்துச்சு. கோயில் போட்டதும் இருந்துச்சு. அக்காகிட்ட குடுத்தேன். அக்காவக் கேளுங்க, அவுங்க ஒரு சதம் மறக்க மாட்டாங்க."

நிம்மதியாகச் சொன்னாள். என்னைக் கேட்டால் முடிந்துவிடும் என்ற நிம்மதி.

சேர் என்னைப் பார்த்தார். ஐந்து என்றால் அடுத்த கேள்வி, அந்தக் காசு எங்கே. கடை. எவ்வளவு. முப்பதாயிரம். அந்தப் பணம் எங்கே? என் வாயிலேயே இருக்கிறது, அவர் முன்னால், வெள்ளையாய்.

"நாலு" என்றேன்.

புஷ்பம் முதலில் சிரித்தாள். "இல்லக்கா, அஞ்சு. நெனச்சுப் பாருங்க, நான் கூட..."

"நாலுதான் குடுத்தா சேர். ஒன்ன நான் வச்சுக்கவான்னு கேட்டா. சாமி தட்டுல போடணும்னு. போத்தல்ல போடச் சொன்னேன்."

இதில் பின்பாதி பொய்யில்லை. அவள் கேட்டாள், நான் சொன்னேன். உண்மையை எடுத்துத்தான் அவள் கழுத்தில் வைத்தேன்.

சேர் மெயில் தாளை மடித்து வைத்தார். காசை எங்கே மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு தடவை ஒவ்வோர் இடம் என்றேன். நம்பினார். என்னை யாரும் எப்போதும் நம்புவார்கள், அதைத்தான் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"காசு தலையணையில இருந்தது எண்டா களவில்லை" என்று அவளிடம் சொன்னார். "வச்சிருந்தா தாங்கோ. திருப்பிக் குடுப்பம், விசயம் முடிஞ்சுது."

"நான் வச்சிருந்தா தர மாட்டனா சேர்?"

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "ஏங்கக்கா மறந்துட்டீங்க?" கோபம் இல்லை. எனக்குத்தான் ஏதோ நோய் என்பது மாதிரி பார்த்தாள். கையை உதறிவிட்டு லினன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்றும் எண்ணவில்லை இன்று.


பெப்ரவரி 22, வியாழன்

லீவு. ரவூப் நானா கடை. கடை திறக்கும் முன்னமே போய் நின்றேன்.

காசு போய்விட்டது. மருமகன் போய்ச் சேர்ந்த கிழமையே விற்றுவிட்டானாம். அங்கே யாரோ ஓர் அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இவரிடம்தான் சொல்ல முடிந்தது. சின்ன ஸ்க்ரூ ஒன்றைத் துணியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வந்து உண்மைய செல்றன். நீங்க கொணந்தீங்க, நான் வாங்கினன். ஒளிக்க என்ன ஈக்கி?"

"வேணாம் நானா. என் வேல போயிரும்."

"அப்ப அந்தப் பொம்பளட வேல?"

பஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நானா வந்து உங்கட பொழப்பக் கெடுக்க மாட்டன்" என்றார் கடைசியில். "ஆனா யாரும் தேடி வந்து கேட்டா பொய் செல்லவும் மாட்டன். இனிமே போத்தல இங்க கொணராதீங்க தங்கச்சி."

பிளேன்டி வரவில்லை. மார்க்கெட்டுக்கும் போகவில்லை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். கலஹா பஸ் ஒன்று புறப்பட்டது. ஏறிப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று சொல்லலாம் என்று நினைத்தேன். இடமும் இருந்தது. ஏறவில்லை.


பெப்ரவரி 23, வெள்ளி, போயா

பௌர்ணமி விடுமுறை, எல்லாக் கடையும் பூட்டு. தலைக்குக் குளித்தேன். விளக்கேற்றவில்லை. மகள் கேட்டதற்கு எண்ணெய் இல்லை என்றேன். எண்ணெய் இருந்தது.

செய்ய வேண்டியது:
- சேரிடம் சொல்வது.
- அல்லது புஷ்பத்திடம் மட்டும் சொல்வது.
- அல்லது முப்பதாயிரத்தை எங்காவது புரட்டிக் கிழவனுக்கு அனுப்பச் சொல்வது. எதற்கு என்று கேட்பார்களே.

சொன்னால் எனக்கு வேலை இல்லை. ஐம்பத்தொரு வயதில் எந்த ஹோட்டல் எடுக்கும்? சொல்லாவிட்டால் அவளுக்கு இல்லை. அவளுக்கு நாற்பத்தாறு. அவளுடைய புருஷன் மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து படுக்கை. தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே வரப் பாதி கட்டின வீடு, கூரைத் தகடு மட்டும் பாக்கி. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாலு என்றேன்.

பயமாக இருக்கிறது. அவளுக்காக இல்லை, எனக்காக. இந்த டயரியில்கூட வேறு மாதிரி எழுத மனசு வருகிறது, அதனால்தான் இப்படியே எழுதி வைக்கிறேன்.

பல் ஈறில் புண். உப்புத் தண்ணீர்.


பெப்ரவரி 24, சனி

கிழவனிடமிருந்து இரண்டாவது மெயில். தொல்லை கொடுத்ததற்கு மன்னிக்கவும், வேலையாட்கள் யாரையும் இதற்காகக் கஷ்டப்படுத்த வேண்டாம், என்ன இருந்தாலும் அது ஐம்பது பென்ஸ்தான், எனக்கு ஐந்து நாளும் அந்தப் பெண் வைத்த பூ ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். புஷ்பம் தினமும் துவாயின் மேல் ஒரு கோயில்பூ வைப்பாள்.

முடிந்தது என்று நினைத்தேன். நெஞ்சு லேசாகிவிட்டது, நாலு நாளுக்குப் பிறகு சோறு இறங்கியது. சாப்பிட்டுவிட்டு நானாகவே சேரிடம் போய், விட்டுவிடலாமே சேர் என்றேன்.

"அவர் விட்டிட்டார். நான் எப்பிடி விடுறது?" என்றார். "காசு இப்ப பிரச்சினை இல்லை. எங்களுக்கு முன்னால நிண்டு பொய் சொன்னதுதான் பிரச்சினை. நாளைக்கு அறையில ஒரு நகை காணாமப் போனா, யாரை நம்புறது? நீங்களே சொல்லுங்கோ, இனி மாடி உங்கட பொறுப்பு."

"ரொம்ப வருஷம் வேல செஞ்சவ சேர்."

"அதுக்குத்தான் பொலிசுக்குப் போகேல்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. புதுப் பல்லில் காற்று வந்தது, சொல் வரவில்லை.


பெப்ரவரி 26, திங்கள்

வெயில். கொதிகலன் சரி. துவாய் இரண்டு கிடைத்தது, தோட்டக்காரன் அவற்றால் கார் துடைத்துக்கொண்டிருந்தான்.

முடிவு வந்துவிட்டது. புஷ்பம் தானே எடுத்ததாக எழுதிக் கொடுத்து விலகினால் பதினாறு வருஷத்துக் கிராஜுவிட்டி முழுவதும் கிடைக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால் விசாரணை, பொலிஸ், கிராஜுவிட்டியும் இழுபடும்.

அறை செய்கிற மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அவளோடு உட்காரவில்லை. ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: "அக்கா போத்தலுக்கு வராமலே இத்தன வருசம் எவ்வளவு போச்சோ." என்னிடம் வந்து அனுதாபம் வேறு. அவள் போய் இப்படிச் செய்வாள் என்று நினைத்தீர்களா அக்கா? நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அவள் லினன் ரூமுக்கு வந்தாள். நான் கதவைச் சாத்தவில்லை, ஓடவும் இல்லை. துணி மூட்டையை இறக்கி வைத்து, பெட்ஷீட் வேறு, உறை வேறு என்று பிரித்து அடுக்கினாள். எப்போதும் நான் செய்கிற வேலை. முடித்துவிட்டு மூட்டைத் துணியை நாலாக மடித்து வைத்தாள்.

"அக்கா, ராத்திரி முழுக்க நெனச்சுப் பாத்தேன். மொதல்ல எனக்கே சந்தேகம். நாலுதான் குடுத்தனோ, ஒன்னு பஸ்ஸில விழுந்துச்சோன்னு. பையெல்லாம் உதறிப் பாத்தேன்."

மேசையில் இருந்த உறை ஒன்றை எடுத்து மடித்தேன்.

"அப்புறம் அவர்தான் கேட்டாரு, படுக்கையிலருந்துக்கிட்டு. அந்தக்காவுக்கு எப்ப பல்லு கட்டுனாங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். தண்ணீர் போத்தலை எடுத்துக் குடித்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். வெளியே யாரோ லிஃப்டை அழைத்தார்கள், வந்து நின்று, போனது. பிறகு அவளும் போனாள்.

சேரிடம் போய்ச் சொல்லப்போகிறாள் என்று ஐந்து மணிவரை காத்திருந்தேன். போகவில்லை. அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் அவளுக்குத் தெரியும்.


பெப்ரவரி 27, செவ்வாய்

பனி இல்லை. வாவி நன்றாகத் தெரிந்தது.

ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். சேர் மேசையில் வெள்ளைத்தாள் இரண்டு, பேனா. புஷ்பம் கதிரையில் உட்கார்ந்திருந்தாள், நல்ல சேலை உடுத்தியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. அவளுக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும், மூன்றாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள்.

"ஆரைக் கொண்டு எழுதுவிக்கப் போறீங்கள்?" என்று சேர் கேட்டார். "ரிசப்ஷன் பிள்ளையைக் கூப்பிடவோ?"

"வேணாங்க சேர். அக்கா எழுதட்டும். அவுங்க எழுத்து அழகா இருக்கும்."

சேர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர். தோட்டத்தின் பெயர். பதினாறு வருஷம். 214ஆம் அறை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், என் கை பின்தங்காமல் இருக்க.

"தலகாணி மேல அஞ்சு காசு இருந்துச்சு. போட்டுக்கிட்டீங்களா? அஞ்சு. அதுல நாலத் தான் போத்தலுக்குக் குடுத்தேன். ஒன்ன நான் எடுத்துக்கிட்டேன்."

எழுதினேன்.

"எப்படியான காசு எண்டும் போட வேணும்" என்றார் சேர்.

"அத அக்காவே பாத்துப் போடட்டும் சேர். எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

ஏழு மூலை, ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் அடுக்குக் கோபுரம், கொடி. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, நாலு காசு மட்டும் கையில் வாங்கினவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சேர் வாசித்தார். நின்று நிதானமாக வாசித்தார். மெயிலில் இருந்ததுதானே என்று நினைத்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். அதுவும் நிச்சயமில்லை.

புஷ்பம் கையெழுத்து வைத்தாள். எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. "ஷ்" மேல் புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தாள்.

சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார் சேர். யாரைப் போடுவது என்று கேட்டார்.

"அக்காவத்தான். வேற யாரு பாத்தா?"

போட்டேன்.